"நீங்களே மாட்டிக்கொள்ளலாம்" என்று விற்கும் ஹீட் பம்ப்: கார்டைத் தேய்க்கும் முன் படியுங்கள்

நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா பக்கம் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரே ஓர் அறை மட்டும் குளிர்காலத்தில் சூடாவதில்லை, அதற்கு மட்டும் ஆன்லைனில் ஒரு மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப் வாங்கி நாமே மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு விற்ற கடை சொன்னது ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று. கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் கராஜுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. இங்கே பல வீடுகளில் இந்த அறைக்கு ஒரே கதைதான். கீழே சூடில்லாத கராஜ், மூன்று பக்கம் வெளிச்சுவர், ஃபர்னஸிலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் டக்ட் கடைசியாக வந்து சேரும் இடம். அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து வந்தால் அங்கேதான் தங்குவார்கள். 1500 வாட் ஸ்பேஸ் ஹீட்டர் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பாத்ரூமில் யாராவது ஹேர் டிரையரைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். வயதானவர்கள் தூங்கும் அறையில் இரவு முழுக்க ஹீட்டர் எரிவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

டக்ட் இல்லாத ஹீட் பம்ப் என்பது நம் ஊர் ஸ்ப்ளிட் ஏசிதான். உள்ளே ஒரு வால்வு திசையைத் திருப்பிவிடுவதால், குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவருகிறது. ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். மிதமான குளிரில் இது மூன்று மடங்கு வரை தரும். அந்த அறைக்குச் சரியான சாதனம் இதுதான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கோபமெல்லாம் அதை என் தலையில் கட்டிய விதத்தின் மேல்தான்.

காண்ட்ராக்டர்கள் நாலாயிரம் டாலருக்குக் குறையாமல் கேட்டார்கள். ஆன்லைன் கடையில் அதில் பாதிக்கும் கீழே 12,000 பி.டி.யூ. மெஷின், நம் கணக்கில் ஒரு டன். "ப்ரீ-சார்ஜ்டு, செல்ஃப் இன்ஸ்டால்", அதாவது கேஸ் முன்பே நிரப்பியது, நீங்களே மாட்டலாம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வாங்குவதற்கு முன் சாட்டில் நேராகவே கேட்டேன்: செப்புக் குழாயும் கேஸ் நிரப்பித்தான் வருமா? வேக்கம் பம்ப் (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி) வேண்டுமா? "ஆமாம், சிஸ்டம் முழுவதும் ப்ரீ-சார்ஜ்டு. வேக்கம் பம்ப் தேவையில்லை" என்று பதில் வந்தது. அந்தச் சாட்டை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மினி ஸ்ப்ளிட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அவுட்டோர் யூனிட்டுக்குள் ஃபேக்டரியிலேயே கேஸ் அடைத்துத்தான் அனுப்புவார்கள். குறிப்பிட்ட நீளக் குழாய்க்குப் போதுமான கேஸ் அதில் இருக்கும், இரண்டு வால்வுகளுக்குப் பின்னால் பூட்டியபடி. ஆனால் சாதாரண மாடலில் உள்ளேயும் வெளியேயும் உள்ள யூனிட்டுகளை இணைக்கும் செப்புக் குழாய்கள் வெறும் குழாய்கள். அவற்றைப் பூட்டிய பிறகு நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி (எண் குறையக் குறைய உள்ளே காற்று குறைவு என்று அர்த்தம்), அது அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் வால்வைத் திறக்க வேண்டும். குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கிவிட்டால் கம்ப்ரசர் ஆயில் அந்த ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறும். முதல் சீசனில் ஒன்றும் தெரியாது, பின்னால்தான் கம்ப்ரசர் போகும்.

உண்மையிலேயே நாமே மாட்டக்கூடிய மாடலில் குழாய்க்குள்ளும் கேஸ் இருக்கும். இரண்டு முனைகளிலும் தடித்த பித்தளைக் கப்ளிங் இருக்கும், அதற்குள்ளே ஒரு சீல். யூனிட்டோடு வைத்து முறுக்கும்போது அந்தச் சீல் திறந்துகொள்ளும். வேக்கம் பம்புக்கு வேலையே இல்லை. குழாய் குறிப்பிட்ட நீளங்களில்தான் வரும், வெட்ட முடியாது. மிச்சமிருந்தால் மடிப்பு விழாமல் சுருட்டிப் பின்னால் வைக்க வேண்டியதுதான். இந்த வகைக்கு விலையும் கூடுதல். ஆக, "ப்ரீ-சார்ஜ்டு" என்று இரண்டு வகைக்கும் எழுதலாம். எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

எனக்கு வந்த பெட்டியில் வெள்ளை நுரை உறை போட்ட இரண்டு குழாய்கள் சுருளாக இருந்தன. முனையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் மூடி. நகத்தால் நெம்பியதும் கழன்று வந்தது. உள்ளே கேஸும் இல்லை, சீலும் இல்லை. விரித்துவிட்ட செப்பு விளிம்பும், குழாயில் தளர்வாக ஓடும் ஒரு பித்தளை நட்டும்தான். கூட வந்த புத்தகத்தைப் பிரித்தால், "உரிமம் பெற்ற டெக்னீஷியன் மட்டுமே நிறுவ வேண்டும், வேக்கம் செய்வது கட்டாயம்" என்று அச்சடித்திருந்தது.

கடைக்கு போன் செய்தேன். "அவுட்டோர் யூனிட்டைத்தான் ப்ரீ-சார்ஜ்டு என்று சொன்னோம்" என்று நழுவினார்கள். சாட்டில் அவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சூப்பர்வைசர் என்று ஒருவர் வந்தார். அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஒன்றும் கவலைப்படாதீர்கள். ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, வால்வைக் கால் சுற்று திறந்து, உஸ்ஸென்று சில நொடி விட்டால் காற்றெல்லாம் வெளியே போய்விடும், பிறகு முறுக்கிவிடுங்கள்."

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். தெரிந்தே கேஸை வெளியே விடுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், பிரிவு 608-இன்படி குற்றம். கேஸ் குறைந்தால் நாமே வாங்கி ஏற்றவும் முடியாது. அதே பிரிவின்படி சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான் சிலிண்டர் விற்பார்கள். அதோடு, இப்போது வரும் புது மாடல்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்-32 அல்லது ஆர்-454பி என்ற கேஸ். பழைய ஆர்-410ஏ போல இல்லாமல், இவை இரண்டும் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியவை. வீட்டில் குழந்தை குட்டியோடு இருப்பவரிடம் இப்படி ஒரு யோசனையைப் போனில் சொல்கிறார்கள் என்றால், விற்றது போதும், மற்றது எப்படிப் போனால் என்ன என்பதுதானே அர்த்தம்?

திருப்பி அனுப்புகிறேன் என்றேன். விலையில் கால் பங்கைப் பிடித்துக்கொள்வார்களாம், லாரி வாடகையும் நம்முடையதாம். இது அவர்களுடைய ரிட்டர்ன் விதிகளின் அடியில், தனியாகச் சொடுக்கிப் போனால் மட்டும் தெரியும் ஒரு பக்கத்தில் இருக்கிறது.

அம்மா அப்பா வரும் நாள் நெருங்கிவிட்டதால் டெக்னீஷியன் தேட ஆரம்பித்தேன். ஆன்லைனில் வாங்கிய மெஷினைத் தொடவே மாட்டோம் என்று பெரும்பாலானவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி அவர்கள் மேல்தான் விழும். கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டார், நல்ல மனிதர். குழாய் முனையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஃபேக்டரியில் விரித்த விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல். அதை வெட்டியெறிந்துவிட்டுத் தன் டூலால் புதிதாக விரித்தார். நைட்ரஜன் ஏற்றி மூட்டுகளில் சோப்பு நுரை தடவினார், குமிழ் வரவில்லை. பிறகு வேக்கம் பம்ப் ஓட, மைக்ரான் மீட்டரில் எண் மெதுவாக இறங்குவதை உட்கார்ந்து பார்த்தோம். 500-க்குக் கீழே போனதும் பம்பை நிறுத்திக் காத்திருந்து, எண் ஏறவில்லை என்று உறுதி செய்த பிறகே வால்வைத் திறந்தார். அந்தக் கீறலோடு நான் உஸ்ஸென்று விட்டுப் பூட்டியிருந்தால் அத்தனை கேஸும் கசிந்து போயிருக்கும். அவர் வாங்கிய கூலி நியாயமானதுதான். ஆனால் அதையும் சேர்த்தால், முறையான செல்ஃப் இன்ஸ்டால் மாடலையே வாங்கியிருக்கக்கூடிய விலை வந்துவிட்டது.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. வீட்டுச் சுவர் பிளக்கில் வருவது 120 வோல்ட். ஒரு டன் மெஷின் 115 வோல்ட்டிலும் (அந்த 120-க்கானதுதான்) வருகிறது, 230 வோல்ட்டிலும் வருகிறது. 230 என்றால் தனி சர்க்யூட், வெளியே யூனிட்டுக்கு அருகில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு டிஸ்கனெக்ட் ஸ்விட்ச், டவுன்ஷிப் பெர்மிட் எல்லாம் வேண்டும். "செல்ஃப் இன்ஸ்டால்" என்ற சொல்லுக்குள் இதெல்லாம் அடங்காது. அவுட்டோர் யூனிட்டின் பக்கத் தகட்டில் எவ்வளவு ஆம்பியர் பிரேக்கர் போடலாம் என்று எழுதியிருக்கும். வாங்கும் முன்பே அந்தத் தகட்டின் போட்டோவைக் கேளுங்கள்.

ஜனவரியில் அடுத்த பிரச்சினை. விளம்பரத்தில் "மைனஸ் 13 ஃபாரன்ஹீட் வரை இயங்கும்" என்று இருந்தது. இயங்குவது வேறு, சூடாக்குவது வேறு. பெட்டி மேல் போட்டிருக்கும் சூடாக்கும் திறன் வெளியே 47 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது அளந்தது, அதாவது சுமார் 8 டிகிரி செல்சியஸ். நமக்கு வேண்டியது 17 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் 5 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் எவ்வளவு தரும் என்ற எண். 5 டிகிரி என்றால் மைனஸ் 15 செல்சியஸ். என் மெஷினுக்கான அட்டவணையைத் தயாரிப்பாளரின் இன்ஜினியரிங் புத்தகத்தில் தேடிப் பிடித்தபோது, 5 டிகிரியில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. கடைப் பக்கத்தில் அந்த அட்டவணை எங்கேயும் இல்லை. வடகிழக்கு மாநிலங்களுக்காக நீப் (NEEP) என்ற அமைப்பு குளிர்ப் பிரதேச ஹீட் பம்புகளின் பட்டியலை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டால் இந்த வெப்பநிலைகளில் எவ்வளவு தரும் என்று காட்டும். அதில் இல்லாத மாடலை இந்த ஊர்க் குளிருக்கு நான் வாங்கமாட்டேன்.

அதே வாரம் அப்பா கேட்டார், "ஏம்ப்பா, ராத்திரி பூரா வெளிய யாரோ தகரத்தைத் தட்டுற மாதிரி சத்தம் கேக்குதே?" போய்ப் பார்த்தால் அவுட்டோர் யூனிட்டின் அடித்தட்டு முழுக்கப் பனிக்கட்டி. ஹீட் பம்ப் குளிரில் அவ்வப்போது தன் மேல் படியும் உறைபனியைத் தானே உருக்கும். அந்தத் தண்ணீர் கீழே வடிய வேண்டும். இந்தக் குளிரில் அடித்தட்டில் ஒரு சின்ன ஹீட்டர் இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே உறைந்து, மேலே ஏறி, ஃபேனைத் தொட்டுவிடும். எங்களுடையதில் ஃபேன் இறக்கை ஒன்று உடைந்தே போனது. "குளிர்ப் பிரதேசத்துக்கு ஏற்றது" என்று விற்ற மெஷினில் அந்தத் தட்டு ஹீட்டர் இல்லை. கேட்டால், அது தனியாக வாங்க வேண்டிய கிட் என்கிறார்கள்.

வாரண்டி இருக்கிறதே என்று தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன். டெக்னீஷியனின் லைசென்ஸ் எண், பில் எல்லாம் கையில் இருந்தது. அவர்கள் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை விற்ற கடை எங்கள் அங்கீகாரம் பெற்ற டீலர் இல்லை, வாரண்டி செல்லாது" என்று முடித்துவிட்டார்கள். கடையோ, "வாரண்டி தயாரிப்பாளருடையது, அவர்களிடம் பேசுங்கள்" என்கிறது. பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த ஐந்து வருட வாரண்டிக்கு ஒரு ஃபேன் இறக்கை கூடக் கிடைக்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 15 டாலருக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு எழுத்து வாரண்டி இருந்தால், அதை வாங்குவதற்கு முன்பே படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. அதனால் வாரண்டித் தாளைக் கேட்டு வாங்கி இரண்டு இடங்களைத் தேடுங்கள்: யார் நிறுவ வேண்டும், யாரிடம் வாங்கியிருக்க வேண்டும். பிறகு அந்தக் கடை டீலர்தானா என்று தயாரிப்பாளருக்கே ஒரு போன் போடுங்கள்.

அந்தக் கடையின் பக்கத்தில் இன்னமும் "30 சதவீத மத்திய வரிச் சலுகை" என்று இருக்கிறது. வீட்டு ஹீட் பம்புகளுக்கு 2,000 டாலர் வரை கிடைத்த அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குள் நிறுவியவற்றோடு முடிந்துவிட்டது. அதை நம்பி விலையைக் கணக்குப் போடாதீர்கள்.

குழாய் வேலையே வேண்டாம் என்பவர்கள் ஜன்னலில் உட்காரும் ஹீட் பம்பைப் பாருங்கள். ஃபேக்டரியிலேயே முழுக்க சீல் செய்தது, சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும். 2022-இல் நியூயார்க் நகரப் பொதுக் குடியிருப்புகளுக்காக இப்படி 30,000 யூனிட் வாங்க 70 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். விலை அதிகம், ஜன்னலில் இடமும் போகும். ஆனால் "நீங்களே மாட்டலாம்" என்று சொன்னால் அது எப்போதும் உண்மையாக இருக்கும் வகை இதுதான்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கிரெடிட் கார்டு கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சொன்ன பொருள் வரவில்லை என்ற புகாருக்கு, அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான் கெடு. கடைக்காரர் "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுத்தடிப்பது பெரும்பாலும் அந்த நாள்களைக் கடத்தத்தான். நியூ ஜெர்சியில் இருந்தால் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் செய்யலாம். 5,000 டாலர் வரையிலான வழக்குக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வக்கீல் தேவையில்லை. இந்த மாநிலத்தின் நுகர்வோர் மோசடிச் சட்டத்தில் நஷ்டத்தை மூன்று மடங்காக வாங்கவும் வழி இருக்கிறது. சாட், குழாய் முனையின் போட்டோ, டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பு, வாரண்டி மறுத்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்து நான் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குப் பெட்டி வந்தால், லாரிக்காரர் நிற்கும்போதே பிரித்து, குழாய் முனையை மட்டுமாவது வீடியோ எடுத்துவிடுங்கள்.