வேரில்லாத செடிக்கு 950 ரூபாய்

பூத்திருக்கும் கிறிஸ்துமஸ் கள்ளியைத் தொட்டியோடு வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்த செடி மண்ணையும் சேர்த்துத் தூக்கும். என்னிடம் விற்ற செடி வெண்ணெயில் குத்திய குச்சிபோல வெளியே வந்தது. ஆனால் அதை நான் இழுத்துப் பார்த்தது வாங்கிய ஏழாம் நாள்.

எங்கள் வீடு பெரம்பூரில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது மொட்டை மாடியில் இருந்த முப்பது தொட்டிகளில் ஐந்துதான் தப்பின. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். மின்சாரம் இல்லை. எல்லாம் வடிந்து வீட்டைக் கழுவி முடித்த பிறகு, என் மாமியார் வெறும் மாடியைப் பார்த்துவிட்டு, “கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒரு பூகூட இல்லையே” என்றார். அத்தை பிறந்து வளர்ந்தது குன்னூரில். அவர்கள் வீட்டு வாசல் உத்தரத்தில் தொங்கிய கள்ளி, நட்சத்திரம் கட்டும் நாட்களில் சரியாகப் பூத்துவிடுமாம். திருமணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பூவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். (நாம் தலையில் வைக்கும் ஊதா நிற டிசம்பர் பூ வேறு. அது கள்ளியே அல்ல.)

மாதவரம் போகும் வழியில், சாலையோரச் செடிக்கடை ஒன்றில் அதைப் பார்த்தேன். வெள்ளைத் தொட்டி, அதில் அடர்சிவப்பாகப் பதினைந்து பூக்கள். கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஊட்டிச் செடி அம்மா. ஒரு வருடம் இங்கேயே வைத்துப் பழக்கியது. நல்ல வெயிலில் வையுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், வருடா வருடம் டிசம்பரில் பூக்கும்.” 1,100 ரூபாய் சொல்லி 950க்குக் கொடுத்தார். பில் கேட்டேன். “பத்துத் தொட்டிக்கு மேல் வாங்கினால்தான் பில்” என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

அத்தை தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை. “எங்கள் வீட்டுச் செடிக்கு ஓரம் வட்டம் வட்டமாக இருக்கும். இதற்குப் பல் கூராக இருக்கிறதே” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரி. ஓரம் மழுங்கி அலை அலையாக இருப்பதுதான் பழைய கிறிஸ்துமஸ் கள்ளி, பக்லியை என்ற கலப்பினம். நண்டுக் கால்போல் பல் நீட்டிக்கொண்டிருப்பது ட்ரங்கேட்டா. அது சில வாரம் முன்னதாகவே, நவம்பரில் பூப்பது. கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்கிறார்கள். அதை ஒரு பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை.

நான்காம் நாள் மொட்டுகள் உதிரத் தொடங்கின. இடம் மாறினால் இந்தச் செடி மொட்டைக் கொட்டும் என்று அத்தை சமாதானம் சொன்னார். ஏழாம் நாள் எல்லாப் பூவும் வாடிக் கிடக்க, மூன்று பூக்கள் மட்டும் நுனியோடு காய்ந்து விறைப்பாக நின்றன. தொட்டுப் பார்த்தேன். பூவுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணாடிபோல் கெட்டியான பசை. உதிர்ந்த பூவை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் தண்டை இழுத்தேன். ஏழு தண்டுகள், ஏழும் கத்தியால் வெட்டியவை. ஒன்றிலும் ஒரு நூல் வேர்கூட இல்லை. ஈரத் தேங்காய் நார்த்தூளில் செருகி, சாயாமல் இருக்க ஈர்க்குச்சி நட்டிருந்தார்கள்.

வேரில்லாமல் எப்படிப் பூத்தது என்று கேட்பீர்கள். இந்தக் கள்ளியின் தண்டு சதைப்பற்றாகத் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். எங்கோ குளிரான இடத்தில் மொட்டு விட்ட செடியிலிருந்து வெட்டி எடுத்தால், உள்ளே இருக்கும் தண்ணீரை வைத்தே மொட்டு சில நாள் விரியும். ஒரு தாய்ச்செடியை வெட்டினால் நாலைந்து தொட்டி நிரப்பிவிடலாம். வாங்குபவர் செடி செத்ததும், “நமக்குக் கைராசி இல்லை” என்று தன்னையே நொந்துகொள்வார். இந்த மோசடி நிற்பதே அந்த நம்பிக்கையில்தான்.

தண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். “தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள், வேர் அழுகிவிட்டது” என்றார். தினமும் ஊற்றச் சொன்னது நீங்கள்தானே தம்பி என்றேன். வேர் அழுகினால் கறுத்த நார் மிஞ்சும், நாற்றம் வரும். இங்கே கத்தி பட்ட இடம் நேர்க்கோடாக, பச்சையாக இருந்தது. பசை ஒட்டிய பூவைக் காட்டியதும் பேச்சை மாற்றி, ஒரு குரோட்டன்ஸ் செடி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்தில் அதே மாதிரித் தொட்டியைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், என் பையைப் பார்த்தபின் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டேன், பொறுமையாகக் கேட்டார்கள், முதலில் கேட்டது பில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம்தான். ஆனாலும் பெயர்ப்பலகைகூட இல்லாத கடை, தனிநபர் எண்ணுக்குப் போன பணம். புகார் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் கடைக்காரர் சொன்ன வளர்ப்பு முறையும் பொய்தான். பிரேசிலின் தென்கிழக்குக் கடலோர மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் ஒட்டி வளரும் செடி இது. பாலைவனக் கள்ளி அல்ல. நம் ஊர் நேர்வெயிலில் வைத்தால் தண்டு சிவந்து சுருங்கும். மண் மேலே காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூமியின் தென்பாதியில் குளிர் தொடங்குவது மே மாதம் என்பதால், பிரேசில்காரர்கள் இதை மே மலர் என்கிறார்கள். இது பண்டிகையைப் பார்த்துப் பூப்பதில்லை. நீண்ட இரவையும் குளிரையும் பார்த்துத்தான் பூக்கிறது. ஆறு வாரம்போல தினமும் 13, 14 மணி நேரம் விடாத இருட்டும், 15 முதல் 20 டிகிரி வரை இரவுக் குளிரும் வேண்டும். நாமோ 21 டிகிரிக்கு இறங்கினாலே போர்வை தேடுகிறோம். ஆகவே சென்னை வெயிலில் வைத்தால் வருடா வருடம் பதினைந்து பூ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இணையத்தில் நீல நிறக் கிறிஸ்துமஸ் கள்ளி விதை விற்பவர்களை அறவே நம்பாதீர்கள். சிவப்பு, ரோஜா, வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் உண்டு. நீலம் கிடையாது.

செத்துப்போனது என்று நான் தூக்கிப் போடப் பார்த்த தண்டுகளை அத்தைதான் காப்பாற்றினார். கணுவில் திருகி, இரண்டு மூன்று கணு சேர்ந்த துண்டுகளாக ஒடித்து, காயம் ஆற மூன்று நாள் நிழலில் போட்டார். பிறகு நார்த்தூள், மணல், கரித்துண்டு கலந்த சிறு தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் நட்டார். ஒரு மாதத்தில் நான்கு பிடித்துக்கொண்டன. அடுத்த டிசம்பரில் ஒரு மொட்டும் இல்லை. செடி இருந்த ஜன்னலுக்கு எதிரே தெருவிளக்கு இரவு முழுக்க எரிகிறது. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் பாதியில் பின்கட்டில், கிணற்றடி ஈரக்காற்று படும் இடத்துக்கு மாற்றினோம். மாலை ஆறு மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடி, காலை எட்டு மணிக்கு எடுப்போம். அத்தை ஒருநாளும் மறந்ததில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்துதான் தண்டு நுனிகளில் அரிசிமணி அளவு நான்கு மொட்டுகள் வந்தன. பொங்கலுக்கு மறுநாள் ஒன்று விரிந்தது, அடர்சிவப்பு. பெட்டி இப்போது தேவையில்லை. வேலைக்கு வரும் பெண் கூட்டும்போது தொட்டியை நகர்த்திவிடக் கூடாது என்று, அத்தை அதைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.