ஆர்க் மோடுல ஷெட்யூல் போட்ட வேலைய தேட எது பெஸ்ட்: அஜெண்டாவா, ஸ்பார்ஸ் ட்ரீயா, மேட்ச்சா?

ஈமேக்ஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல நோட்ஸ், வேலை லிஸ்ட் எல்லாம் வெச்சுக்கற ஆர்க் மோடுல வேலைய எழுதி ஷெட்யூல் போடறது ஈஸி, அப்புறம் இன்னைக்கு எது, தேங்கிக் கிடக்குறது எதுன்னு தேடி எடுக்கத்தான் பல வழி இருக்கு, எல்லாம் ஒரே ரிசல்ட் தரும்னு மட்டும் நம்பிடாதீங்க.

பெங்களூர்ல இருக்கற நம்மாளுங்களுக்குத் தெரிஞ்ச வேலையவே எடுத்துப்போம், பொங்கலுக்கு ஊருக்குப் போக ட்ரெயின் டிக்கெட். புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு ஓப்பன் ஆகுது, அதனால தேதியோட 8:00ன்னு டைமும் சேத்து ஷெட்யூல் போடுவோம். வேலைகள நாள்வாரியா காட்டற அஜெண்டா வியூ அத அன்னைக்கு 8:00 லைன்ல கரெக்டா நிறுத்தும், முடிக்கலன்னா டன் (முடிஞ்சது)னு போடற வரைக்கும் அடுத்தடுத்த நாளும் காட்டிட்டே இருக்கும். டேக் (வேலைக்கு ஒட்டற லேபிள்), தேதி மாதிரி கண்டிஷன் குடுத்துத் தேடற டேக் மேட்ச்ல "ஷெட்யூல்டு தேதி டுடே, இல்ல அதுக்கு முன்னாடி"ன்னு குடுத்துப் பாருங்க, அன்னைக்கு அந்த டாஸ்க் வரவே வராது! ஏன்னா அங்க டுடேன்னா ராத்திரி 0:00 மணி, 8:00 அதத் தாண்டிடுது. டுமாரோவுக்கு முன்னாடின்னு குடுத்தாத்தான் வரும். இது தெரியாம மேட்ச்ச நம்பினா வெயிட்டிங் லிஸ்ட்டு தான்.

மாசாமாசம் வர்ற பெஸ்காம் கரண்ட் பில்லு மாதிரி ரிப்பீட் போட்டதுலயும் இதே கதை தான், அடுத்த மாசத்து வாரத்த தொறந்தா அஜெண்டா அங்கயும் காட்டும், மேட்ச்சும், தேவையான தலைப்ப மட்டும் விரிச்சுக் காட்டற ஸ்பார்ஸ் ட்ரீயும் ஃபைல்ல எழுதியிருக்கற தேதிய மட்டும் தான் பாக்கும்.

ஸ்பார்ஸ் ட்ரீ வேற ரகம். கண்ட்ரோல் சி, ஸ்லாஷ், பி அடிச்சு ஒரு தேதி குடுத்தா அதுக்கு முன்னாடி ஷெட்யூல், டெட்லைன் இருக்கறதெல்லாம் அதது இருக்கற தலைப்புக்குக் கீழயே விரியும். வீடு மாத்தற மாதிரி பெரிய வேலைல எந்தப் பகுதி தேங்கி நிக்குதுன்னு பாக்க இதவிட நல்லது இல்ல, ஆனா ஒரு ஃபைலுக்குள்ள மட்டும் தான்.

இன்னொரு வழி, கண்டிஷன் எழுதித் தேடற ஆர்க் க்யூஎல்ங்கற பேக்கேஜ், அத தனியா இன்ஸ்டால் பண்ணணும். அதுல டுடே வரைக்கும்னா முழு நாளும் அடங்கும், அந்த 0:00 சிக்கல் இல்ல, நாலு கண்டிஷன் சேத்து வடிகட்டறவங்களுக்கு அது தாராளமா வொர்த்து.

என்னைக் கேட்டா தினமும் காலைல அஜெண்டா தான். லிஸ்ட் நீளமா இருந்தா ஸ்லாஷ் அடிச்சு டேக்கால வடிகட்டுங்க, பைப் (|) அடிச்சா ஃபில்டர் எல்லாம் போயிடும். ஞாயித்துக்கிழமை பழசத் துழாவறப்ப ஸ்பார்ஸ் ட்ரீ.