பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் 'அலோ' (அனுமதி) பட்டன்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ் நீண்டநாள் அனுபவம்

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீடு, டெண்டர் என்று நாள் முழுக்க அடுத்தவர் விவரங்களைத்தான் தட்டிக்கொண்டிருப்போம். அதனால் எந்தத் தளத்துக்கு என்ன அனுமதி கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

பழைய இண்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில் டிரஸ்டட் சைட்ஸ் (நம்பகமான தளங்கள்) என்று ஒரே பட்டியல்தான் இருந்தது. முகவரியை அதில் சேர்த்துவிட்டால் அந்தத் தளத்துக்குப் பாதுகாப்பு மொத்தமாக ஒரு படி இறங்கிவிடும். வாய்க்கால் தூர்வாரும் டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள். அந்தக் கையெழுத்து ஜாவா என்ற மென்பொருள் வழியாகத்தான் நடக்கும். அதனால் டெண்டர் தளத்தை டிரஸ்டட் சைட்ஸில் ஒரு தடவை, 2014-க்கு அப்புறம் ஜாவா கண்ட்ரோல் பேனலில் இருக்கும் விதிவிலக்குப் பட்டியலில் இன்னொரு தடவை என்று சேர்க்க வேண்டியிருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறதுக்குள் வேலை எடுத்தாகணுமே என்ற அவசரத்தில் "எல்லாத்தையும் லோவுல வச்சுடுங்க தம்பி" என்பார்கள். 2015-ல் குரோமும் 2017-ல் ஃபயர்ஃபாக்ஸும் ஜாவா பிளகினை (பிரவுசருக்குள் ஜாவாவை ஓட்டும் இணைப்பு) கைவிட்டதில் அந்தக் கூத்து முடிந்தது.

இப்போது கேமரா, இருப்பிடம், பாப்அப், நோட்டிஃபிகேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. இதுதான் சரியான முறை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில் ஒருவர் அமுக்கிய 'அலோ' அடுத்தவர் தலையில் வந்து விடிகிறது. ரிசல்ட் பார்க்க வந்த யாரோ ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்துவிட்டுப் போக, மறுநாள் பயிர்க் காப்பீடு போட வந்த பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது திரையின் வலது மூலையில் 'வைரஸ் பாதிப்பு' என்று சிவப்பாக வந்து வந்து போகிறது. "தம்பி, என் பேங்க் கணக்குக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று அவர் கேட்டார். அது வைரஸே இல்லை, அனுமதி வாங்கிய தளம் அனுப்புகிற விளம்பரம். இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் வரிசை வாசல்வரை போய்விட்டது.

அன்றிலிருந்து குரோம் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனை எல்லாத் தளத்துக்கும் நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் தாமாகவே உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் கெஸ்ட் விண்டோதான். மூடினால் கொடுத்த அனுமதியெல்லாம் போய்விடும்.

கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அதன் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் மென்பொருள்) நம் கம்ப்யூட்டரிலேயே 127.0.0.1 முகவரியில் ஓடும், தளம் அதோடு பேசித்தான் ரேகையை வாங்கும். புதிய குரோமில் உள் நெட்வொர்க்கைத் தொட அந்தத் தளத்துக்கு அனுமதி உண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. யாராவது 'பிளாக்' அமுக்கிவிட்டால் கருவியில் லைட் எரியும், டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) சரியாக இருக்கும், ஆனால் தளம் மட்டும் கருவி இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டிரைவரை அழித்து மறுபடி போடுவதற்கு முன்னால் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானை அமுக்கிப் பாருங்கள் (2023 வரை பூட்டு இருந்த அதே இடம்). பாதி நேரம் கோளாறு அங்கேதான்.

ஃபயர்ஃபாக்ஸில் எனக்குப் பிடித்தது, நினைவில் வை என்று டிக் போட்டாலொழியக் கேமரா அனுமதி நிலைத்து நிற்காது. பிடிக்காதது, குக்கீக்கு (தளம் நம் கம்ப்யூட்டரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) ஒரு விதிவிலக்குப் பட்டியல், பாப்அப்புக்கு இன்னொன்று என்று சிதறிக் கிடக்கிறது. குரோமில் ஒரு தளத்துக்கான எல்லாமே ஒரே பக்கத்தில் இருக்கும்.

தளத்தின் அடையாளச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் மறித்துக் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிப் போவது இதில் எல்லாம் சேராது, அது வேறு விவகாரம். அனுமதி கொடுப்பது தளத்தை அடையாளம் கண்டபிறகு. சான்றிதழ் சரியில்லை என்றால் அந்த முனையில் இருப்பது யார் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. குரோம் நீங்கள் தாண்டியதை ஒரு வாரம்போல நினைவில் வைத்துவிட்டு மறுபடி கேட்கும். ஃபயர்ஃபாக்ஸில் நாமாக நீக்கும்வரை அது கிடக்கும். செட்டிங்ஸில் சர்டிஃபிகேட்ஸ் பகுதிக்குள் சர்வர்ஸ் என்ற இடத்தில் பார்த்து அழிக்கலாம். பணம் கட்டுகிற பக்கத்தில் அந்த எச்சரிக்கை வந்தால் எங்கள் சென்டரில் யாரும் தாண்டக் கூடாது, கடைசித் தேதியாகவே இருந்தாலும் சரி. நவம்பரில் சம்பாக் காப்பீட்டுக் கூட்டம் நெருக்கும்போது இதைச் சொல்லித்தான் வேலை செய்யும் பையன்களோடு அதிகம் மல்லுக்கட்டுகிறேன்.