ரோஸ் கண்ணாடியோடு நான்கு வருஷம்

என் கண்ணாடியைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "மெட்ராஸ் ஐ-யா?" என்றுதான். கேட்டுவிட்டு ஓரடி தள்ளியும் நிற்பார்கள். லேசான ரோஸ் நிற லென்ஸ், பவர் கிடையாது. நான்கு வருஷமாகப் போடுகிறேன். வெளிச்சம் பட்டாலே தலைவலி வரும் தொந்தரவுக்காகத்தான் இது. இதே தொந்தரவு உள்ளவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் எனக்கு பில் போடும் வேலை. பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டும், இரவு ஒன்பது வரை சீட்டைவிட்டு எழ முடியாது. அந்த மாதிரி ஒரு சீசனில்தான் ஆபீஸில் பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி பேனல் மாட்டினார்கள். பத்து நாளில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. குமட்டல் வேறு. வெயிலில் நடந்தால்கூட அவ்வளவு இல்லை, அந்த அறைக்குள் போனால்தான் வரும். கண் டாக்டரிடம் போய் இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பலனில்லை. கடைசியில் பெங்களூருவில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் ஒற்றைத் தலைவலி, கூடவே ஒளிக்கூச்சம் என்று சொல்லி, மாத்திரையோடு இந்த லென்ஸையும் எழுதிக் கொடுத்தார்.

இதன் பெயர் எஃப்எல்-41. நீலமும் பச்சையும் சேரும் இடத்து ஒளியை, அதாவது அலைநீளம் ஏறக்குறைய 480 முதல் 520 நானோமீட்டர் வரை உள்ளதை, நன்றாகக் குறைத்துவிடும். விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்கள் சில உண்டு. 480 சுமாரில்தான் அவை அதிகமாகத் தூண்டப்படும், தலைவலியோடு அவற்றுக்குத் தொடர்பும் இருக்கிறது. 1991-இல் பிரிட்டனில் ஒற்றைத் தலைவலி உள்ள குழந்தைகளுக்கு இந்த ரோஸ் கண்ணாடியை நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மாதத்துக்கு சராசரி 6.2 தடவை வந்த வலி 1.6 ஆகக் குறைந்தது. எனக்கு அவ்வளவு இறங்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் படுத்துக் கிடந்தது ஒரு நாளாயிற்று. அதுவே பெரிய விஷயம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பில் புத்தகத்தில் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று காப்பி. கண்ணாடியோடு பார்த்தால் வெள்ளையும் ரோஸும் ஒன்றுபோலத் தெரியும், லாரிக்காரரிடம் தப்பான காப்பியைக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். சேலை எடுக்கப் போனால் கழற்றாமல் நிறத்தை நம்பாதீர்கள். இரவில் வண்டி ஓட்டும்போது போடவே கூடாது. முதல் ஜோடி ஒன்றரை வருஷத்தில் வீணாயிற்று, அது என் தவறு. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டதில் உப்புக்கறை படிந்தது. மேலே கிரானைட் லாரித் தூசி இருக்க, துப்பட்டாவால் துடைத்ததில் கோடு விழுந்தது. இப்போது குடிக்கிற தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

இன்னொன்று. வலி தாங்காமல் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாதீர்கள். நான் இரண்டு மாதம் அப்படி இருந்தேன். கண் இருட்டுக்குப் பழகி, அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்தால் வரும் வெளிச்சம்கூட ஊசியாகக் குத்தியது.

சரி, கண்ணாடி பாதி வேலைதான் செய்தது. மீதிப் பாதியைச் செய்தது என் தம்பி எடுத்த ஒரு வீடியோ. ஆபீஸுக்கு என்னை அழைத்துப்போக வந்தவன், சும்மா போனில் ஸ்லோ மோஷன் வைத்து மேலே இருந்த பேனலைப் படம் பிடித்தான். ஓட்டிப் பார்த்தால் விளக்கு பட்பட்டென்று அணைந்து எரிகிறது! நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, அதனால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். குண்டு பல்பில் இழை சூடாகவே இருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. எல்இடிக்கு அந்தத் தாமதம் கிடையாது, கரண்டைச் சீராக்கித் தர உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டி மட்டமாக இருந்தால் மினுக்கல் அப்படியே வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நரம்புக்குத் தெரியும்.

அதுவரை ஆபீஸில் என் பேச்சை யாரும் நம்பவில்லை. "எங்களுக்கெல்லாம் இல்லாதது உனக்கு மட்டும் இன்னா?" என்பார்கள். காட்டுவதற்கும் கையில் ஒன்றுமில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒளிக்கூச்சம் என்று தனியாக எதுவும் இல்லை. அந்தப் பத்து நொடி வீடியோவை மேனேஜரிடம் காட்டியதும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்துவிட்டார். என் மேஜைக்கு மேலிருந்த பேனலின் டிரைவரை மாற்றினார், செலவு சில நூறு ரூபாய். ஒரு வருஷம் பட்ட பாட்டுக்கு அதுதான் விலை என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். வீட்டில் மாமா, "இதை முன்னாடியே எடுத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, எல்லா அறையிலும் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு மாட்டினார். ஸ்லோ மோஷனில் மினுக்காத பல்பாகப் பார்த்துத்தான் வாங்கினோம்.

ராத்திரி பிரச்சினை மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் வீடு ராயக்கோட்டை பக்கம், ஜன்னலுக்கு நேரே சாமந்தித் தோட்டம். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி உயரட்டும், பூவைத் தள்ளிப்போடலாம் என்று சில வாரங்களுக்கு இரவில் வரிசையாக பல்பு எரியவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கத் திருவிழா மாதிரி அழகுதான், எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அது அவர் பிழைப்பு, அணைக்கச் சொல்ல முடியுமா? அதே வீடியோ வித்தையை அங்கேயும் செய்தேன். தோட்டக்கார அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். மறுநாள் பழைய பெயிண்ட் டப்பாக்களைப் பாதியாக வெட்டி, எங்கள் பக்க வரிசையில் ஒவ்வொரு பல்புக்கும் தொப்பியாக மாட்டிவிட்டார். வெளிச்சம் செடிமேல் மட்டும் விழுகிறது.

தீராதவை கல்யாண மண்டப சீரியல் செட்டும், தனியார் பஸ்ஸுக்குள் ஓடும் நீல லைட்டும். மண்டபத்தில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டால் சிலர் அணைப்பார்கள், சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போன வாரம் தோட்டத்திலிருந்து குரல் வந்தது: "பாப்பா, புதுசா பல்பு வாங்கியாந்திருக்கேன். கடையிலயே போன்ல புடிச்சுப் பார்த்துட்டேன், ஆனாலும் நீ ஒரு தடவ வந்து பாத்துடு."