பேட்டரி கார் இழுக்கவில்லையா? மொத்த செட்டையும் மாற்றச் சொன்னால் உஷார்!

கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம், மூத்தவர்கள் வசிக்கும் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் ஆறு பேர் உட்காரும் பேட்டரி கார் இருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் ஓடும் அதே ரக வண்டிதான். இங்கே அது வாசலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கிளினிக்குக்கும் ஓடுகிறது. முட்டி வலியோடு இருப்பவர்களுக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த வண்டியைக் காட்டி எங்களிடம் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டு போனார்கள். அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, ரிசார்ட் என்று பல இடங்களில் இந்த வண்டி வந்துவிட்டது. அதனால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சமதளத்தில் ஓரளவு ஓடிய வண்டி, கிளினிக்குக்குப் போகும் மேட்டில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிட்டது. பேட்டரிக்கு மூன்றாவது வருடம்தான். விற்பனையாளருக்குப் போன் செய்தோம், மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். முந்தின நாள் முழுக்க ஓடிய வண்டியை இரவு சார்ஜில் போட வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். சீட்டைத் தூக்கி, மீட்டரை மொத்த செட்டுக்கும் சேர்த்து வைத்தார். 47.8 காட்டியது. "48 வோல்ட் வண்டிங்க சார். 48-க்குக் கீழ போயிருச்சு, ஆறு பேட்டரியும் போச்சுங்க" என்றார். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். சங்கத்தில் அனுமதி வாங்கிப் பணம் கட்டினோம். பழைய ஆறு பேட்டரியையும் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு சொற்பத் தொகைக்கு அன்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொன்றும் 28 கிலோ அளவுக்கு இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். பழைய இரும்புக் கடைக்காரரைக் கேட்டாலே அதன் மதிப்பைச் சொல்லிவிடுவார்.

அந்த 47.8 என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈய அமில பேட்டரியில் 48 என்பது பெயருக்குத்தான். முழு சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் சும்மா நின்ற நல்ல செட் 51 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பாதி சார்ஜ் என்றால் 48.4 அளவில் இருக்கும். 47.8 என்றால் நாற்பது சதவீதம் மீதி இருக்கிறது என்று அர்த்தம். அதாவது பகல் முழுக்க ஓடி, சார்ஜ் போடாமல் நின்ற வண்டி எதைக் காட்ட வேண்டுமோ அதைத்தான் காட்டியிருக்கிறது. அதை வைத்து பேட்டரி செத்ததா பிழைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

புது செட் வந்த பிறகும் மேட்டில் அதே கதைதான். கேட்டதற்கு, "புது பேட்டரி பழகணுங்க, கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. இந்த ரக பேட்டரி முழுக் கொள்ளளவுக்கு வர 50 முதல் 100 தடவை சார்ஜ் ஏறி இறங்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் பற்றிய விஷயம். மேடு ஏறாமல் திணறுவதற்கு அது பதிலே இல்லை.

அப்புறம்தான் லாரி பேட்டரி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் மீட்டரை எடுக்கவே இல்லை. வண்டியை மேட்டில் ஒரு முறை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, சீட்டைத் தூக்கி ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்தார். "இதத் தொட்டுப் பாருங்க, சூடு தெரியுதுங்களா?" மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒரு லக் (கேபிள் முனையைப் பேட்டரியோடு இணைக்கும் உலோகத் துண்டு) மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தது. கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. புது செட் மாட்டியவர்கள் பழைய கேபிளைச் சுத்தம்கூடச் செய்யாமல் அப்படியே முறுக்கிவிட்டிருக்கிறார்கள். மேட்டில் 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இணைப்பில் ஒரு வோல்ட் தொலைந்தால், 150 வாட் அங்கேயே சூடாகப் போய்விடும். மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அது.

அடுத்து பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினார். ஒன்று சுலபமாகச் சுற்றியது. இன்னொன்று இறுகி நின்றது. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தும் வண்டிகளில் இது சகஜம் என்றார். டயரில் காற்றும் குறைவு. இந்தச் சின்ன டயர்களுக்கு 20, 22 பி.எஸ்.ஐ. வேண்டும். லக்கைச் சுரண்டி மாட்டி, பிரேக்கை விடுவித்துக் காற்றடித்ததும் வண்டிக்கு உயிர் வந்தது. அவர் வாங்கிய கூலி, நாங்கள் கட்டிய பில்லில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

கதை இதோடு முடியவில்லை. வந்தது வந்தோம் என்று அவர் நீள வயர் கட்டி மீட்டரை முன் சீட்டுக்குக் கொண்டுவந்து, மேடு ஏறும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்தார். எங்களுடையது 8 வோல்ட் பேட்டரி ஆறு. நான்கு 7.7-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு மட்டும் 6.5-க்கும் கீழே விழுந்தன. அந்த இரண்டின் முனையிலும் ஸ்பேனர் பதிந்த பழைய தடம் இருந்தது. லேபிளின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள், வேறு சீரியல் நம்பரோடு! வாரன்டி கார்டை எடுத்துப் பார்த்தால் சீரியல் நம்பர் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. தேவையே இல்லாத செட்டை விற்றதோடு, அதிலும் இரண்டைப் பழையதாகச் சேர்த்துவிட்டார்கள். வரிசையாக இணைத்த பேட்டரிகளில் ஒன்று சோர்ந்தாலும் மொத்த வண்டியும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். போதாததற்கு, அதனோடு சேர்ந்த புதியவையும் சீக்கிரம் கெட்டுவிடும்.

உங்களிடம் யாராவது "செட் போச்சு" என்றால், இரவு முழுக்க சார்ஜ் போட்டு, ஆற விட்டு, லோடு கொடுத்து (அதாவது பேட்டரியை வேலை செய்ய வைத்து), ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆசிடின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து, பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் (தனித்தனி அறையையும்) பார்க்கச் சொல்லுங்கள். நல்ல செல் முழு சார்ஜில் 1.270 அளவில் நிற்கும். ஒரு செல் மட்டும் மற்றதைவிட 0.050 இறங்கியிருந்தால் அந்த பேட்டரியில் கோளாறு. இதைச் செய்ய மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பழைய செட்டை, புதியது சில வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே அனுப்புங்கள். பில்லில் ஒவ்வொரு பேட்டரியின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும்.

டிரைவர்களுக்கு அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன். எவ்வளவு குறைவாக ஓடினாலும் அன்றிரவே சார்ஜ். சார்ஜை நடுவில் பிடுங்கக் கூடாது. தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் பொங்கி வழியும். ஆனால் தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே கொஞ்சம் விடலாம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. முனையில் பூத்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் ஷெட்டில் காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

விற்றவரிடம் போட்டோக்களோடு போனபோது, "குடோன்ல லேபிள் மாறியிருக்கும்" என்றார். பிறகு இரண்டை மட்டும் மாற்றித் தருவதாக இறங்கி வந்தார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சோதிக்காமலே விற்ற செட்டுக்கு முழுப் பணமும், எடுத்துப் போன பழைய செட்டுக்கு ஈடும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிவாகியிருக்கிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். லேபிள் உரிந்த இரண்டு பேட்டரிகளுக்கும் அடையாளம் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றை யார் வந்து கேட்டாலும் தருவதாக இல்லை. அவர்களிடமிருந்து பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.