திறந்த மூல 5ஜி கோர்: பழுது பார்க்க எது தோது?

மொபைல் நெட்வொர்க்கின் நடுவில் நின்று போன்களின் இணைப்பை நிர்வகிக்கும் 5ஜி கோர் மென்பொருள்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வினாடிக்கு எத்தனை ஜிகாபிட் என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். நிறுவிப் பார்ப்பவருக்கு அது போதும். உள்ளே கைவைத்து பக் சரிசெய்யப் போகிறவருக்குக் கேள்வி வேறு: கோளாறு தலைகாட்டிய இடத்திலிருந்து அதற்குக் காரணமான வரிக்கு எவ்வளவு தூரம்? அந்தக் கணக்கில் ஓபன்5ஜிஎஸ், ஃப்ரீ5ஜிசி என்ற இரண்டு திறந்த மூலக் கோர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டுக்கும் நெக்ஸ்ட்இபிசி என்ற 4ஜி கோர்தான் மூதாதை. ஓபன்5ஜிஎஸ் அதன் நேரடி வாரிசு, சி மொழி. தைவானின் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃப்ரீ5ஜிசி முதல் கட்டத்தில் அதன் மேல் எழும்பி, பிறகு கோ மொழிக்கு மாறியது.

ஒரு மாதிரிப் பழுதை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டுகளைக் கடத்தும் பகுதியான யுபிஎஃப் மட்டும் விழுந்து எழுகிறது. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும். இணைப்புகளை நிர்வகிக்கும் எஸ்எம்எஃப் கணக்கிலும் செஷன் (போனின் தரவு இணைப்பு) உயிரோடுதான் இருக்கும். ஆனால் யுபிஎஃப் நினைவில் ஒரு விதியும் இல்லை, வரும் பாக்கெட்டெல்லாம் குப்பைக்குப் போகிறது. இதற்கு மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு வழி சொல்லியிருக்கிறது. எஸ்எம்எஃப்பும் யுபிஎஃப்பும் பேசிக்கொள்ளும் பிஎஃப்சிபி நெறிமுறையின் ஹார்ட்பீட்டில் வரும் ரெக்கவரி டைம்ஸ்டாம்ப் மாறியிருந்தால் எதிர்முனை மறுபடி பிறந்திருக்கிறது என்று பொருள் (டிஎஸ் 29.244). அதன்பின் செஷன்களை மீட்கும் முறை டிஎஸ் 23.527இல் இருக்கிறது. இதை எழுதச் சொன்னால் எங்கே கைவைப்பது?

ஓபன்5ஜிஎஸ்ஸில் எல்லாம் ஒரே ரெப்போ (மூல நிரல் களஞ்சியம்). எஸ்எம்எஃப், யுபிஎஃப் இரண்டும் ஒரே பிஎஃப்சிபி நூலகத்தைப் பயன்படுத்துவதால் இருமுனைத் திருத்தமும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அடங்கும். சிக்கல் என்னவென்றால், அதே நூலகம்தான் 4ஜியின் எஸ்ஜிடபிள்யூ என்ற நுழைவாயிலுக்கும் அடித்தளம். எஸ்எம்எஃப்பே 4ஜியில் பிஜிடபிள்யூ (இணையப் பக்க நுழைவாயில்) வேடமும் கட்டுகிறது. 5ஜிக்காகத் தொட்டது 4ஜியில் வெடிக்கலாம். கூடவே வரும் சோதனைகள் போலி பேஸ் ஸ்டேஷனை வைத்து இரண்டு தலைமுறையையும் ஓட்டிப் பார்க்கும். அவற்றை ஓட்டாமல் பேட்ச் அனுப்புவது அடுத்தவர் தலையில் வேலையைக் கட்டுவது.

ஃப்ரீ5ஜிசியில் எஸ்எம்எஃப் தனி ரெப்போ, பிஎஃப்சிபி நூலகம் தனி, யுபிஎஃப் தனி, அதற்குக் கீழே பாக்கெட்டைத் தள்ளும் ஜிடிபி5ஜி கர்னல் மாட்யூலும் தனி. முதலில் நூலகம் சேர வேண்டும், பிறகு அதன் பதிப்பு எண்ணை எஸ்எம்எஃப்பில் உயர்த்த வேண்டும். திருத்தம் சின்னதானாலும் வரிசை நீளம். ஆனால் வாசிக்க கோ நிரல் எவ்வளவோ மேல். மெமரியை யார் விடுவிப்பது என்ற கவலை இல்லாமல் நெறிமுறையை மட்டும் பின்தொடரலாம்.

கிராஷ் விஷயத்தில்தான் இரண்டின் சுபாவமும் வெளிப்படும். ஓபன்5ஜிஎஸ்ஸில் எதிர்பாராத மெசேஜ் வந்து அசர்ட்டில் (நிபந்தனை பொய்த்தால் நிரலையே நிறுத்தும் சோதனை) மோதினால், போன்களைப் பதிவுசெய்யும் ஏஎம்எஃப் மொத்தமாக விழும், அதில் தொங்கும் எல்லாப் போன்களும் சேர்ந்து அறுபடும். அசர்ட்டை நீக்கிவிட்டு எர்ரர் லாக் போடுவது புதியவர்கள் அதிகம் அனுப்பும் பேட்ச். பாதி வேலைதான் அது. பாதியில் திரும்பிய ஃபங்ஷன் விட்டுச்சென்ற போன் விவரத்தை யார் துடைப்பது? துடைக்காவிட்டால் இன்றைய கிராஷ் நாளைய மெமரி லீக். ஃப்ரீ5ஜிசியில் இதே இடத்தில் நில் பாயின்டர் பேனிக் (வெற்று முகவரியைத் தொட்டதால் வரும் கிராஷ்) வரும். ரெக்கவர் போட்டு அதைப் பிடித்துவிட்டால் ப்ராசஸ் பிழைக்கும். பூட்டிய மியூட்டெக்ஸ் (ஒரே தரவை இருவர் தொடாமல் காக்கும் பூட்டு) மட்டும் டிஃபரில் (ஃபங்ஷன் முடியும்போது கட்டாயம் ஓடும் வரி) திறக்கப்படாமலிருந்தால் பூட்டியபடியே நிற்கும். செத்திருந்தால் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி எழுப்பியிருக்கும். உயிரோடு மரத்துப்போன ப்ராசஸை யார் எழுப்புவது?

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: பக் வேட்டைக்கு ஓபன்5ஜிஎஸ்தான். ஏஎம்எஃப், எஸ்எம்எஃப் போன்ற ஒவ்வொரு பகுதியிலும் நிகழ்வுகள் ஒரே வரிசையில், ஸ்டேட் மெஷின் வழியாகப் போவதால், பாக்கெட்டுகளைப் பதிந்துவைத்த பிசிஏப் கோப்பில் உள்ள மெசேஜ் வரிசையை மறுபடி நடத்திப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் திரும்ப வரும். கோ மொழியில் இரண்டு கோருட்டீன் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஒரே போனின் விவரத்தைத் தொடும் பிழை எப்போதாவது எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். இத்தகைய மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரைப் போட்டு, யுஇரான்சிம் என்ற சிமுலேட்டரில் கூட்டமாகப் போன்களை இணைத்தால்தான் சிக்கும். புதிய வசதியை முழுசாக எழுத வேண்டுமென்றால் என் வாக்கு ஃப்ரீ5ஜிசிக்கு.

யுபிஎஃப்பில் ஓபன்5ஜிஎஸ் யூசர் ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே) டன் (TUN) என்ற மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம் வழியாக ஓடுகிறது. வேகம் குறைவு, ஜிடிபி வைத்து வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம். (இந்த ஜிடிபி, GDB என்ற டீபக்கர்; GTP என்ற பாக்கெட் சுரங்கத்துக்கும் தமிழில் அதே எழுத்துகள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஜிடிபி5ஜி கர்னலுக்குள் ஓடுவதால் வேகம் உண்டு, அங்கே ஒரு தவறான பாயின்டர் கணினியையே கவிழ்க்கும், கர்னல் பதிப்பு மாறினால் மாட்யூல் கம்பைல் ஆகாமலும் போகலாம். சோதனையை விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர வேறு கோர்களும் உண்டு. ஓபன்ஏர்இன்டர்ஃபேஸின் கோர் சி++. அதன் ரேடியோ பக்கத்தையும் சேர்த்து ஆராய்பவருக்குப் பொருந்தும்; பங்களிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மேக்மாவில் சி++, பைத்தான், கோ மூன்றும் கலந்திருக்கின்றன. ஒரு பக்குக்காக உள்ளே போகும் இடமல்ல.

கடைசியாக உரிமம். ஓபன்5ஜிஎஸ் ஏஜிபிஎல் பதிப்பு 3: திருத்திய கோரை நெட்வொர்க் சேவையாக வெளியாருக்குத் திறந்தால் திருத்திய மூலத்தையும் தர வேண்டியிருக்கும். ஃப்ரீ5ஜிசியின் அப்பாச்சி 2.0 அப்படிக் கேட்காது. வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எழுதும் பேட்ச் என்றால் முதல் வரி அடிக்கும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.