280 ரூவா கம்பி எலிக்கூடு, ஒரு மாசம் வச்சுப் பாத்தாச்சு

எங்க கொல்லைப்பக்கம் இருக்கிறது பேருக்குத்தான் மோட்டார் ரூம், உள்ள தேங்கா மட்டை, பழைய பேப்பர், கோழித்தீவன மூட்டை, தம்பி ஸ்கூட்டர்னு இல்லாததே இல்ல. அறுப்பு முடிஞ்ச கையோட எலி எல்லாம் அங்க குடி வந்துருச்சு. ஸ்கூட்டர் வயரைக் கடிச்சு வச்சதுல மெக்கானிக்குக்கு 1400 அழுதோம்.

மொதல்ல ஆன்லைன்ல, நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு எலியை விரட்டும்னு விக்கிற, ப்ளக்ல சொருகுற அல்ட்ராசோனிக் மெஷின் வாங்குனேன். மூணாம் நாளு அந்த மெஷினுக்குக் கீழயே புழுக்கை கெடக்கு! அந்த சத்தம் செவுத்தைத் தாண்டாது, மூட்டைக்குப் பின்னாடி போகாது, கொஞ்ச நாள்ல எலிக்கு அது பழகியும் போயிரும். அமெரிக்காவுல 2001லயே எஃப்டிசிங்கிற வணிகத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு இந்த மாதிரி விக்கிற 60 கம்பெனிக்கு மேல எச்சரிக்கை லெட்டர் அனுப்பியிருக்கு, இதெல்லாம் காசு போனதுக்கப்புறம்தான் படிச்சேன். அடுத்து பசை அட்டை. அதுல ஒரு பல்லியும் ஒரு சுண்டெலியும் ஒட்டிக்கிட்டு ராத்திரி பூரா கீச்சுன்னு கத்துச்சு, பல்லியை எண்ணெய் விட்டு எடுத்தோம், அத்தோட அந்த அட்டையே வேணாம்னு ஆயிருச்சு. ரேட் கேக்குங்கிற எலி விஷக் கட்டி நான் வைக்கல, தின்னுட்டு நாலஞ்சு நாள் கழிச்சு எங்கயாவது பரண்ல போய்ச் செத்து நாறும், வீட்டுல நாய் வேற இருக்கு.

அப்புறம்தான் ஹார்ட்வேர் கடையில இந்தக் கூடு. மொத ரெண்டு நாள் ஒண்ணும் விழல, திட்டிக்கிட்டே இருந்தேன். அப்பத்தாதான் "ஏண்டி, புதுச் சாமான கண்டா எலி கிட்ட வருமா? கதவக் கட்டித் தொறந்து போட்டு மூணு நாளு சும்மா திங்க விடு"ன்னுச்சு. அதே மாதிரி பண்ணி நாலாம் நாளு சுட்ட கருவாட்டுத் தலையை நூல் போட்டுக் கொக்கியில இறுக்கிக் கட்டி வச்சா டப்புன்னு விழுந்துச்சு. நூல் கட்டுறது முக்கியம், சும்மா குத்தி வச்சா சுண்டெலி நோகாம உருவித் தின்னுட்டுப் போயிருது.

ஒரு மாசத்துல 4 பெரிய எலி, 2 சுண்டெலி, ஒரு மூஞ்சூறு. மூஞ்சூறு எலியே கெடையாது, பூச்சியும் கரப்பானும் திங்கிற ஜாதி, அப்பத்தா வேற புள்ளையார் வாகனம்னு கையெடுத்துக் கும்பிட்டு விடச் சொல்லிருச்சு.

குறைன்னா, கம்பி இடைவெளி ஜாஸ்தி. ஒரு குட்டிச் சுண்டெலி என் கண்ணு முன்னாடியே கூட்டுக்குள்ள இருந்து நெளிஞ்சு வெளிய வந்துருச்சு, பென்சில் போற அளவு, 6 மில்லிமீட்டர் சந்து இருந்தா அதுக்குப் போதுமாம். அப்பதான் ஜன்னலைப் பாத்தேன், அரை இஞ்ச் வலை அடிச்சிருக்கோம், அது அதுக்கு வாசக்கதவு மாதிரி. கால் இஞ்ச் வெல்டட் மெஷ் மாத்தி, பைப் போற ஓட்டைல பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணிச்சு மேல சிமெண்ட் பூசி, கதவுக்கடில தகரப்பட்டை அடிச்சோம். இத மொதல்லயே செஞ்சிருந்தா பாதி எலி உள்ளயே வந்திருக்காது, கூடு உள்ள மாட்டுனதுக்குத்தான்.

ரூமைக் கூட்டுறப்ப புழுக்கையைக் காய்ஞ்சபடி பெருக்காதீங்க, தூசி மூக்குல ஏறும், ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊற விட்டுட்டுத் தொடைங்க. கூட்டையும் கையுறை போட்டுத்தான் தூக்கணும், எலிக்காய்ச்சல் மூத்திரத்துல இருந்துதான் வருது.

5க்கு 3.5 குடுப்பேன். வாங்குறப்ப கடையிலயே கொக்கியை விரலால தட்டி பத்து தடவ கதவை விழ வச்சுப் பாருங்க, நான் மொதல்ல எடுத்த பீஸ்ல ஸ்பிரிங் லூசு, கதவு பாதியில நின்னுக்கிச்சு, அண்ணாச்சி ஒண்ணும் சொல்லாம வேற எடுத்துக் குடுத்தாரு.